நோட்டீஸ் விட்டால் கெடு நீளாது

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: என் கணவரின் சித்தப்பா மகனுக்கு 2022 ஜூன் 14 அன்று 4 லட்சம் ரூபாய் கொடுத்து, கேட்டபோது தருவதாகப் புரோநோட்டு வாங்கினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. ஒரு வருடம் வட்டியைக் கையில் கொடுத்தார், நான் என் டைரியில் குறித்து வைத்தேன். 2024 மே 2 அன்று 50,000 ரூபாய் கொடுத்து, புரோநோட்டின் பின்பக்கம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் போனே எடுப்பதில்லை. 2025 மார்ச்சில் வக்கீல் நோட்டீஸ் விட்டேன். வழக்குப் போட அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் இருக்கிறது, அவசரமில்லை என்கிறார் தெரிந்த ஒருவர். சரியா?

சரியில்லை. அவர் பேச்சைக் கேட்டு 2028 வரை காத்திருந்தால் பணம் போய்விடும். வக்கீல் நோட்டீஸ் நீங்கள் எழுதிய கடிதம், அவ்வளவுதான். நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் கெடு ஒரு நாள்கூட நீளாது; கடன்பட்டவர் ஏதாவது எழுதிக் கொடுத்தால்தான் நீளும்.

கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம், அதுவும் எழுதிய தேதியிலிருந்து. பலர் பணத்தைக் கேட்ட தேதியிலிருந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுதிய தேதிக் கணக்கில் உங்கள் கெடு 2025 ஜூன் 14-லேயே முடிந்திருக்கும். காப்பாற்றியது அந்தப் பின்பக்க வரவுதான். கெடு முடிவதற்குள் அசலிலோ வட்டியிலோ கொஞ்சம் கொடுத்து, கொடுத்ததைக் கடன்பட்டவரே தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால், பணம் கொடுத்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும் என்கிறது 19-ஆம் பிரிவு. டைரியில் நீங்களே எழுதிய வட்டிக் கணக்கு இதற்கு உதவாது, அதில் அவர் கையெழுத்து இல்லையே.

ஆக உங்கள் கடைசி நாள் 2027 மே 2. அன்று ஞாயிறு, போதாததற்குக் கோடை விடுமுறை. கோர்ட்டு மூடியிருக்கும்போது கெடு முடிந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று 4-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட்டு கட்டணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தைப் புரட்டவே சிலருக்கு ஒரு மாதம் ஆகிறது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாமே என்பீர்கள். மேல்முறையீட்டுக்கு அந்த வசதி உண்டு, முதன்முதலாகப் போடும் வழக்குக்குக் கிடையாது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும் காலாவதியான வழக்கைக் கோர்ட்டே தள்ளுபடி செய்தாக வேண்டும், அது 3-ஆம் பிரிவு.

உறவுக்காரர் என்பதால் யாரையாவது வைத்துப் பேசிப் பார்ப்பீர்கள், பாருங்கள். பேச்சு சுமுகமாக முடிந்தால் வாய் வார்த்தையோடு எழுந்து வராமல், பாக்கித் தொகைக்குப் புதுப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை கெடு தாண்டிய பிறகு வாங்கினாலும் அது செல்லும், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் காலாவதியான கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் போனே எடுக்காதவர் அப்படி எழுதித் தருவாரா என்பது உங்களுக்கே தெரியும்.

பின்பக்கம் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்று அவர் சாதிக்க வாய்ப்பு அதிகம், அந்தக் கையெழுத்தில்தான் மொத்த வழக்கும் நிற்கிறது. அதனால் அன்று கூட இருந்தவர் யார், அதே காலத்தில் அவர் கையெழுத்திட்ட வேறு காகிதம் எங்கே கிடைக்கும் என்று இப்போதே தேடி வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று புரோநோட்டை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.