ஈபி-1ஏ: வந்தாறுமூலையில் செய்த வேலையும் கணக்கில் வரும்

தங்கச்சி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் விரிவுரையாளராக இருந்து, கல்வி விடுமுறையில் ஜே-1 என்கிற பரிமாற்ற வருகையாளர் வீசாவோடு டெக்சாஸ் வந்து நாலு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். வாவி இறால் நோய்கள் பற்றி 19 கட்டுரை இருக்கிறது. முதலாளி இல்லாமல் அமெரிக்க நிரந்தர வதிவிடமான கிரீன் கார்டுக்குப் போடலாமா, ஆய்வுகூடத்து இந்தியர்கள் சொல்வதுபோல் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா, ஊரிலிருந்து என்ன எடுப்பிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

போடலாம். ஈபி-1ஏ என்கிற அசாதாரணத் திறமைப் பிரிவில் வேலை தருபவரும் தேவையில்லை, வேலைவாய்ப்புக் கடிதமும் தேவையில்லை. ஐ-140 படிவத்தில் மனுதாரரும் நீங்கள்தான், பயனாளியும் நீங்கள்தான். அதே துறையில் தொடர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை மட்டும் ஒரு திட்டமாக எழுதிக் காட்ட வேண்டும். மட்டக்களப்பில் இருந்தபடி அனுப்பினாலும் ஏற்பார்கள். அப்போது நேர்முகம் கொழும்புத் தூதரகத்தில் நடக்கும்.

காத்திருப்பைப் பற்றி இந்தியர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. வரிசை பிறந்த நாட்டை வைத்துத்தான், கடவுச்சீட்டை வைத்து இல்லை. இலங்கையில் பிறந்தவர்கள் உலகப் பொதுவரிசையில் வருவார்கள். ஈபி-1 இல் அந்த வரிசை பெரும்பாலான மாதங்களில் காத்திருப்பு இல்லாமல் திறந்தே இருக்கும். நிதியாண்டு முடியும் ஓகஸ்ட், செப்டெம்பரில் சில வருடங்களில் அடைபட்டதுண்டு. எங்கள் பக்கத்து ஆட்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990 இல் இடம்பெயர்ந்து தமிழ்நாட்டு முகாமில் பிறந்த பிள்ளை என்றால் வரிசை இந்தியாவுடையது. கணவனோ மனைவியோ இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய நாட்டை இருவரும் பயன்படுத்தலாம். பெற்றோர் இருவரும் இந்தியாவில் பிறக்காமலும், பிள்ளை பிறந்த நேரம் அங்கே வதிவிடம் இல்லாமலும் இருந்தால் பெற்றோரின் நாட்டைக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. முகாம் வாழ்க்கை வதிவிடமா இல்லையா என்பது வழக்கறிஞர் வாதாட வேண்டிய விஷயம்.

இனித்தான் முக்கியமான பகுதி. நோபல் போன்ற ஒரே பெரிய விருது இல்லாதவர்கள் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். உங்கள் 19 கட்டுரைகள் ஆய்வுக் கட்டுரை என்ற அளவுகோலை எளிதாகக் கடக்கும். மற்றவர்களின் கட்டுரைகளை மீளாய்வு செய்தது இன்னொன்று. அதற்கு ஆய்விதழ் அனுப்பிய அழைப்பு மட்டும் போதாது, மீளாய்வை முடித்துக் கொடுத்ததற்கான உறுதிப்படுத்தல் வேண்டும். மூன்றாவதாக நீங்கள் நம்ப வேண்டியது, துறைக்குப் பெரிய முக்கியத்துவமுள்ள சொந்தப் பங்களிப்பு. கூடுதலான விண்ணப்பங்கள் விழுவது இதில்தான். "சிறந்த ஆய்வாளர், கடின உழைப்பாளி" என்று பேராசிரியர்கள் எழுதும் கடிதத்தை அதிகாரி பொருட்படுத்த மாட்டார். உங்கள் முறையை யார் எடுத்தார்கள், எப்போது, எத்தனை பண்ணையில், எடுத்த பிறகு என்ன மாறியது என்று கடிதம் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் ஆவணமும் இருக்க வேண்டும். வெண்புள்ளி நோயைக் கண்டுபிடிக்க நீங்கள் எழுதிய நடைமுறையை நெக்டா (இலங்கையின் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை) அதிகாரிகள் பண்ணைகளில் பயன்படுத்தினார்கள் என்றால் அவர்களின் உத்தியோகபூர்வக் கடிதம், சுற்றறிக்கை, பயிற்சிக் கையேட்டில் உங்கள் பெயர் வரும் பக்கம் எல்லாம் எடுங்கள். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் உங்கள் முறையை வைத்துத் தன் பரிசோதனையைச் செய்திருந்தால், அந்தக் கட்டுரையில் அந்த வரியைக் குறித்து இணையுங்கள். வெறும் மேற்கோள் எண்ணிக்கையைவிட அது பலம். எண்ணிக்கையையும் தனியே போடாமல், அதே துறையில் அதே வருடத்தில் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் போடுங்கள். ஐந்து முதல் எட்டுக் கடிதம் போதும். பாதிக்கு மேல் உங்களோடு சேர்ந்து எழுதாதவர்களிடமிருந்து வரட்டும். எல்லாக் கடிதத்திலும் ஒரே வசனம் இருந்தால் ஒருவரே எழுதியது என்று கண்டுபிடித்து எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

ஊர் விருதுகளை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சட்டம் கேட்பது தேசிய அல்லது சர்வதேசப் புகழ். இலங்கையின் தேசியப் புகழும் அதில் அடங்கும். ஆனால் ஜனாதிபதி ஆராய்ச்சி விருது என்றால் என்னவென்று அந்த அதிகாரிக்குத் தெரியாது. யார் போட்டியிடலாம், எந்த அடிப்படையில் தெரிவு, அந்த வருடம் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்து அனுப்புங்கள். மாணவராக வாங்கிய புலமைப்பரிசில், காசு கட்டிச் சேரும் சங்க உறுப்புரிமை இரண்டையும் விட்டுவிடுங்கள். பலவீனமானவை பலமானவற்றையும் கீழே இழுக்கும். சம்பளத்தை ஓர் அளவுகோலாகக் காட்ட நினைத்தால் இலங்கைச் சம்பளத்தை டொலருக்கு மாற்ற வேண்டாம். இலங்கைப் புள்ளிவிவரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்றைக் காட்டினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2010 இல் வந்த கசாரியன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இரண்டாம் கட்டம் ஒன்று இருக்கிறது: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, துறையின் உச்சியில் இருக்கும் சிறு தொகையினரில் நீங்கள் ஒருவரா என்று கேட்பார்கள். ஆகவே மனுவோடு போகும் விளக்கக் கடிதத்தில் அதற்குத் தனிப் பகுதி எழுதுங்கள். அங்கே நிற்க முடியாது என்று தோன்றினால் ஈபி-2 தேசிய நலன் விலக்கு இருக்கிறது; அதற்கும் வேலை தருபவர் தேவையில்லை. அளவு சற்று இலகு, ஆனால் 2022 இறுதியில் அதன் பொதுவரிசையிலும் காத்திருப்பு வந்தது. வரிசை எங்கே நிற்கிறது என்று அறிவிக்க மாதாமாதம் வரும் வீசா புல்லட்டினைப் பாருங்கள்.

2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஐ-140 க்கு 715 டொலர், சுயமாக மனுச் செய்பவர் அதற்கு மேல் 300. மேலதிகக் காசு கட்டி விரைவுச் சேவை எடுத்தால் 15 வேலைநாளில் ஏதாவது ஒரு பதில் வரும். கூடுதல் சான்று கேட்பதும் அந்தப் பதிலில் அடங்கும். அப்படிக் கேட்டால் 84 நாள் வரை அவகாசம் தருவார்கள். பதிலை ஒரே தடவைதான் அனுப்பலாம், துண்டு துண்டாக அனுப்ப முடியாது. நிராகரித்தாலும் மறுகா புதிதாகப் போடத் தடையில்லை.

உங்களுக்கு உள்ள உண்மையான ஆபத்து ஜே-1. ஃபுல்பிரைட் போல அரச காசில் வந்திருந்தால், இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அது முடியும்வரை, அல்லது விலக்குக் கிடைக்கும்வரை, ஐ-140 சரிவந்தாலும் கிரீன் கார்ட் வராது. ஜே-1 க்காக உங்களுக்குத் தந்த டீஎஸ்-2019 படிவத்திலும் வீசா முத்திரையிலும் குறிப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஜே-1 இல் குடியேறும் எண்ணம் இருக்கக் கூடாது. ஐ-140 போட்ட பிறகு ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோவிலுக்குப் போய் வரலாம் என்று புறப்பட்டு, கொழும்பில் புது முத்திரை கேட்டால் மறுக்கக்கூடும். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்ட் கேட்கும் ஐ-485 படிவத்தைப் போட்ட பிறகு பயண அனுமதி வாங்காமல் வெளியேறினால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகும். கல்வி விடுமுறைக்கு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அப்படியே நிற்கிறது. திரும்பிப் போகாவிட்டால் கட்ட வேண்டிய தொகை பிணை நின்றவர்கள் தலையில் விழும். அவர்களோடு முன்கூட்டியே கதையுங்கள்.

ஊரிலிருந்து பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களின் முழுப் பிரதி வேண்டும். களுவாஞ்சிகுடிப் பிரதேச செயலகத்தில் இரண்டிரண்டாக எடுப்பியுங்கள். தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும், பத்திரிகைச் செய்திக்கும்கூட, முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், முழுமையாகவும் சரியாகவும் செய்தேன், இரு மொழியும் தெரியும் என்ற மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமிட்ட உறுதியும் வேண்டும். கட்டுரைகளில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகவும் கடவுச்சீட்டில் முழுப்பெயராகவும் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, ஆய்வாளர் அடையாள எண் தரும் ஓர்கிட் (ORCID) பக்கத்தில் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்த பிறகு மனுவைத் தொடங்குங்கள்.