கிடை நாய்க்கு ஆட்டு மருந்தை ஊற்றலாமா?

கேள்வி: திருநெல்வேலி மானூர் பக்கம் மானாவாரி நிலத்தோடு 60 செவ்வாடு வைத்திருக்கிறேன். கிடைக்குக் காவல் நிற்கும் பெட்டை நாய் 6 குட்டி போட்டு 3 வாரம் ஆகிறது. 2 குட்டிகள் வயிறு உப்பிச் செத்துவிட்டன. இன்னொன்று சேமியா போல நீளப் புழுக்களை வாந்தி எடுத்தது. தாயின் பின்பக்கத்தில் அரிசி அரிசியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஆட்டுக்கு வாங்கிய குடற்புழு மருந்து கையில் இருக்கிறது. அதையே கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. ஆட்டுக்கு ஊற்றும் அல்பென்டசோல் நாய்க்கு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம். லெவமிசோலில் குணமாக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஐவர்மெக்டின் ஊசியோ 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்ற கணக்கில் வருவது. அரைக் கிலோ குட்டிக்கு அதில் சொட்டுக் கணக்கு பார்க்க முடியாது, அந்த அரிசிப் புழுவை அது கொல்லவும் செய்யாது.

உங்கள் நாயிடம் இரண்டு வகைப் புழு இருக்கிறது. குட்டி வாந்தி எடுத்தது உருளைப்புழு. தாய் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடும், மிச்சம் பாலிலும் வரும். தாய்க்கு நீங்கள் தவறாமல் மாத்திரை கொடுத்திருந்தாலும் இப்படி நடக்கும். அவள் தசைக்குள் உறங்கும் இளம்புழுக்களை மாத்திரை எட்டாது, சினைக்காலத்தின் பிற்பகுதியில் அவை விழித்துக்கொள்ளும். அதனால்தான் குட்டிகளுக்கு 2 வாரத்திலேயே முதல் மருந்து. உங்களுக்கு ஒரு வாரம் பிந்திவிட்டது, இன்றே தொடங்குங்கள். பைரான்டெல் திரவம், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும், ஆகவே குட்டியைத் தராசில் நிறுத்து எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். 2 வாரத்துக்கு ஒருமுறை 8 வாரம் வரை, அப்புறம் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. குட்டிக்குக் கொடுக்கும் நாளிலெல்லாம் தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மருந்து கொடுக்கும் முன் குட்டியின் ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால், மலம் தார் மாதிரி கறுத்திருந்தால், கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிறது. அந்தக் குட்டிக்கு மருந்து மட்டும் போதாது, ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கலாம். அன்றைக்கே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். புழுவுக்குப் பூண்டு அரைத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், ரத்தம் குறைந்த குட்டிக்கு அது இன்னொரு அடி.

தாயிடம் ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் துண்டுகள். பைரான்டெல் இதைத் தொடாது. பிரசிகுவான்டெல் சேர்ந்த கூட்டு மாத்திரை வேண்டும். நாய்க்கென வருவதில் பொதுவாக 10 கிலோவுக்கு 1. பால் கொடுக்கும் நாய் என்பதைச் சொல்லி வாங்குங்கள். தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால்தான் இந்தப் புழு பெரும்பாலும் வருகிறது. தெள்ளை விட்டுவைத்தால் 3 வாரத்தில் அரிசி திரும்ப ஒட்டும். படுக்கிற சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள். இந்த வயதுக் குட்டிகள் மேல் உண்ணி மருந்து தெளிக்காதீர்கள், சீப்பால் வாரி எடுத்தால் போதும்.

அது தெள்ளுப்பூச்சி வழி வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அதுதான் கவலை. கோவில் கொடைக்குக் கிடா வெட்டும்போதும், மேய்ச்சலில் ஆடு செத்துக் கிடக்கும்போதும் ஈரல், நுரையீரல், மூளையைப் பச்சையாக நாய்க்கு எறிவது நம் ஊரில் வழக்கம். ஆட்டு மூளையில் உள்ள நீர்ப்பையை நாய் தின்றால் ஒருவகை நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழுந்து, அந்தப் புல்லை மேயும் ஆட்டின் மூளைக்கே திரும்பிப் போகும். ஈரல், நுரையீரல் கட்டிகளிலிருந்து வருவது இன்னொன்று. கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னப் புழு. அதன் முட்டை நாயைத் தடவிய கையிலிருந்து வாய்க்குப் போனால் மனிதனுக்கும் ஈரலில் நீர்க்கட்டி வைக்கும், ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். ஆகவே நாய்க்குக் கொடுப்பதை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் ஆழமாகப் புதையுங்கள். பச்சை ஈரல் தின்ன வாய்ப்பிருக்கும் கிடை நாய்க்கு 6 வாரத்துக்கு ஒருமுறை பிரசிகுவான்டெல் தேவைப்படும். வீட்டோடு கிடக்கும் நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட்டு மாத்திரை போதும்.

மலத்தைத் தினமும் அள்ளிப் புதையுங்கள். உருளைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர 2 வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் தப்பிக்கலாம். விட்டுவிட்டால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கொக்கிப்புழுக் குஞ்சு பாதத்தோலைத் துளைத்து ஏறும். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் நாய் கட்டும் இடத்தில் விளையாட விடாதீர்கள்.

செவ்வாட்டில் எதுவும் தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால், மேலே சொன்ன மூளை நீர்ப்பையாக இருக்கலாம். மருத்துவரிடம் ஆட்டைக் காட்டும்போது நாய்க்குக் கடைசியாக எப்போது மாத்திரை கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.