ஒரு பம்பு கேட்கிறது, இன்னொன்று கேட்கவில்லையே?

கேள்வி: மகனுக்கு 7 வயது. சாரல் பிடித்தால் இழுப்பு வந்துவிடும். டாக்டர் சால்பியூட்டமால், புடசோனைடு என இரண்டு பம்பு (இன்ஹேலர்) எழுதினார். முதலாவது உடனே கேட்கிறது. இரண்டாவதான ஸ்டீராய்டு பம்பில் மாற்றமே இல்லை, நிறுத்திவிட்டோம். கேப்சூல் போட்டு உறிஞ்சும் கருவி மலிவு என்கிறார்களே, வாங்கலாமா?
- வாசகி, மூணாறு

பதில்: நிறுத்தியதுதான் தவறு. சால்பியூட்டமால், இறுகிய மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் தெரியும், 4 முதல் 6 மணி நேரத்தில் தீரும். குழாயின் உள்வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைப்பது புடசோனைடு. அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. தினமும் அடித்து ஒன்றிரண்டு வாரம் போனால்தான் இரவு இருமல் அடங்கும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் சால்பியூட்டமால் தேவைப்பட்டால் வீக்கம் கட்டுக்குள் இல்லை.

ஸ்டீராய்டு பயத்துக்கு ஒரு கணக்கு. இந்த வயதில் புடசோனைடின் குறைந்த அளவு நாளுக்கு 100 முதல் 200 மைக்ரோகிராம். புளூட்டிகசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு பம்பு என்றால் அதில் பாதி. கடும் இழுப்பு வந்து பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை வாய்வழி கொடுத்தால், 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கே 20 மில்லிகிராம் வரை போகும். அதாவது 20,000 மைக்ரோகிராம். மருந்து வேறு என்றாலும், பம்பை நிறுத்தினால் எங்கே போய் நிற்போம் என்பது புரியும். பல ஆண்டு தினமும் எடுத்தவர்களுக்கு உயரம் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்தது உண்மை. வாயில் வெள்ளை படரலாம். அடித்ததும் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது.

கேப்சூல் கருவியை வேகமாக, ஒரே மூச்சில் உறிஞ்ச வேண்டும். இழுப்பு முற்றிய பிள்ளைக்கு அந்தப் பலம் இருக்காது. உங்கள் மலை ஈரத்தில் பொடி கட்டிக்கொள்ளவும் செய்யும். பம்பும் ஸ்பேசருமே (பம்பில் பொருத்தி மூச்சு இழுக்கும் பிளாஸ்டிக் குடுவை) மேல்: குலுக்கி, ஒரு முறை மட்டும் அழுத்தி, ஸ்பேசர் வழியாக 5 அல்லது 6 மூச்சு. அடுத்ததற்கு மறுபடி குலுக்குங்கள். இரண்டை ஒன்றாக அழுத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டி வீணாகும்.

திடீர் இழுப்புக்கு சால்பியூட்டமால் எத்தனை அழுத்தம் என்று டாக்டர் எழுதித் தந்திருக்க வேண்டும். பொதுவாக 4, ஒவ்வொன்றாக. 20 நிமிடத்தில் தணியாவிட்டால் திரும்பக் கொடுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறிவிடுங்கள். விலா உள்வாங்கினாலோ, பேச மூச்சு போதாவிட்டாலோ, உதடு நீலித்தாலோ அந்த 20 நிமிடம்கூடக் காக்க வேண்டாம். மலைப்பாதை நீளம்.

கேள்வி: ஸ்பேசரைக் கழுவித் துணியால் துடைக்கலாமா? பம்பு தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டும் வேண்டாம். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தானாகக் காயவிடுங்கள். மருந்து தீர்ந்த பின்னும் உள்ளே வாயு மிஞ்சியிருக்கும். அதனால் மிதப்பதும் மூழ்குவதும் எதையும் காட்டாது. டப்பாவில் 200 அழுத்தம் என்றிருந்து, காலை ஒன்று மாலை ஒன்று அடித்தால் 100 நாள். தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.