ஆடிக் காற்றுக்குப் புது மைக் மருந்தல்ல

கேள்வி: ஆழியாறு அருகே மலையடிவாரத்தில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. மலையின் விடியற்கால ஒலிகளை ஆண்டு முழுவதும் பதிவு செய்ய ரெக்கார்டர் வாங்கினேன். ஆனி, ஆடியில் வெறும் இரைச்சலே பதிவாகிறது. விலை கூடிய மைக் வாங்கலாமா? வனத்துறை அனுமதியைப் பணம் பெற்று வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

பதில்: இரண்டுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று மைக்கின் சவ்வில் மோதுவதுதான் அந்த இரைச்சல். விலை கூடிய மைக்கும் அதே காற்றில் இரையத்தான் செய்யும். நீண்ட மயிர் கொண்ட துணியுறையை மைக்கின் மேல் மாட்டி, ஓலை உரசாத, காற்று மறையும் இடமாகப் பார்த்துத் தாழ்வாக வையுங்கள். ரெக்கார்டரின் ஒலியளவுமானி சிவப்பைத் தொடக்கூடாது. தொட்டு முறிந்த பதிவைப் பிறகு சீர்செய்வது ஏறக்குறைய இயலாத காரியம்.

'இரைச்சலை நீக்கிச் சுத்தமாக்கித் தருகிறோம்' என்பவர்களிடம் மூலப்பதிவை ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். சில்வண்டின் இடைவிடாத ரீங்காரத்தையும் இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடுவார்கள். ஆய்வுக்கு வேண்டியதே அதுதான். எம்பி3 வேண்டாம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக ஒற்றைத் தடத்தில் (மோனோ) பதிந்தால் மணிக்குச் சுமார் 345 மெகாபைட் ஆகும், மனிதச் செவிக்கு எட்டுவதெல்லாம் அதில் அடங்கும்.

அனுமதி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பட்டா நிலத்தில் நீங்கள் ரெக்கார்டர் வைப்பதை அது தடுக்கவில்லை. சரணாலய எல்லைக்குள்ளேயே அசையாச் சொத்தில் உரிமை உள்ளவருக்குக்கூட நுழைவு அனுமதிச் சீட்டிலிருந்து அப்பிரிவு விலக்களிக்கிறது. ஆனால் இந்தச் சலுகை உங்கள் வேலியோடு முடிந்தது: வேலிக்கு அப்பால் ஓடைக்கரை மரம் வாகாக இருக்கிறதென்று பெட்டியைக் கட்டிவிட்டு, 'பத்தடிதானே' என்று சொல்ல முடியாது, அது வனநிலமாக இருந்தால் அத்துமீறல்தான்.

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய அதே சட்டத்தின் 28ஆம் பிரிவின்கீழ் அனுமதி தர வேண்டியவர் சென்னையிலுள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர், தரகர் அல்லர். சுற்றுலா நுழைவுச் சீட்டைக் காட்டி 'இதுதான் பெர்மிட்' என்று தரகர் சொன்னால், பிடிபடும்போது மாட்டிக்கொள்பவர் நீங்கள். விண்ணப்பம் மேசை மேசையாக ஏறி இறங்குவதற்குள் பருவமே கடந்துவிடுகிறது என்பது உண்மை. யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு சிறு பெட்டிக்கான அனுமதியை மாவட்ட அளவிலேயே ஏன் முடிக்கக் கூடாது என்பதற்கு இதுவரை எனக்கு எவரும் பதில் சொன்னதில்லை. அந்தத் தாமதத்தை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

ஆகவே தோப்பிலேயே ஒரே இடத்தில், தினமும் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பு பதிவைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், இடம், காற்றின் நிலை ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். அவை இல்லாவிட்டால் ஓராண்டுப் பதிவை அடுத்த ஆண்டோடு ஒப்பிட வழியில்லை.