ஆரம்ப சூரத்தனம் – கடிதம்

வணக்கம் சார்,

ஏற்காட்டில் இருக்கிறேன், வயது 38. போன வருடம் சேலத்தில் மனநல மருத்துவர் ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்றார். காலையில் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை. ஆபீஸ் வேலை இப்போது பரவாயில்லை. வீட்டில்தான் ஒன்றும் முடிவதில்லை. எல்லா ஜன்னல் கம்பிகளும் ரெட் ஆக்சைடோடு நிற்கின்றன. டர்பன்டைன் வாங்கச் சேலம் போனேன், ரோஜாச் செடியோடு திரும்பினேன். திரைச்சீலை தையல் மிஷினிலேயே கிடக்கிறது. மாமியார் ‘ஆரம்ப சூரத்தனம்’ என்கிறார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். இந்த வயதில் இது வருமா, அல்லது சோம்பலுக்குப் பெயர் வைத்துவிட்டார்களா?

எஸ்., ஏற்காடு

அன்புள்ள எஸ்.,

இந்த வயதில் வந்ததல்ல. 2013இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் விதிப்படி, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வகுப்பில் ஓடியாடும் பையனை எல்லோரும் கவனிப்பார்கள். எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையை ‘சாது’ என்று விட்டுவிடுவார்கள். குடும்பப் பொறுப்பு தலையில் ஏறியபிறகுதான் பலருக்குப் பிடிபடுகிறது.

சோம்பேறி ஆரம்பிக்கவே மாட்டான். உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரிதான், அந்தச் சூரத்தனம் நிஜம். வேலை புதிதாக இருக்கும்வரை உங்கள் மூளை ஓடும், பழகிவிட்டால் நின்றுவிடும். என்ன செய்யவேண்டும் என்பது தெரியாமலில்லை, தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாததே ஏடிஹெச்டியின் சிக்கல் என்று அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல காலமாகச் சொல்லிவருகிறார்.

சரி, ஜன்னலுக்கு வருவோம். ரெட் ஆக்சைடு அடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி தோன்றும். ஆனால் மேலே எனாமல் ஏறாவிட்டால் ஏற்காட்டுப் பனிக்கும் மழைக்கும் அது தாங்காது, துரு மறுபடி பூத்துவிடும். அதனால் எல்லா ஜன்னலையும் மறந்துவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். உப்புத்தாள், பிரஷ், எனாமல், டர்பன்டைன், பழந்துணி எல்லாம் ஒரே வாளியில் சேர்ந்தபிறகுதான் கம்பியில் கை வைக்கவேண்டும். ஒரு பொருள் குறைந்தாலும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கவேண்டும், அப்புறம் ரோஜாச் செடிதான்!

இன்னொரு கண்ணி, ‘காயட்டும்’ என்று விடும் இரவு. அத்தோடு அந்த வேலை நினைவிலிருந்தே போய்விடும். டப்பாவைப் பரணில் ஏற்றாதீர்கள், அந்த ஜன்னல் திட்டிலேயே கண்ணில் படும்படி இருக்கட்டும். வீடு அலங்கோலமாகத் தெரியும், தெரியட்டும்.

ஆபீஸ் நடக்கிறது, வீடு நடக்கவில்லை என்பதற்கு மாத்திரையும் காரணமாக இருக்கலாம். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். நீங்கள் வீடு திரும்பும்போது அது இறங்கியிருக்கும். அளவை நீங்களாக மாற்றவேண்டாம், மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். விடுமுறை நாளிலும் மாத்திரை உண்டென்றால் பெயிண்டை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாத்திரை போட்டதும் போனை எடுத்தால் அந்தக் காலை போனுக்கே போய்விடும்.

ஒன்றும் சொல்லாத கணவர் உங்களுக்குக் கிடைத்த வரம். காபியும் பேப்பருமாகப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். உதவியும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தாலே ஏடிஹெச்டி உள்ள பலருக்குக் கை ஓடுகிறது.

திரைச்சீலையை டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். அதையும் நீங்களேதான் முடிக்கவேண்டும் என்று யார் சொன்னது?