மகன் மறைத்து வைத்த சீட்டு

வாசகர் கேள்வி:

அன்புள்ள அக்கா, கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நான் அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிறேன். மகன் எட்டாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. இருவரும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். என் தங்கை வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அவள் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி, டியூஷன் எல்லாம் உண்டு. போன வாரம் என் மகனின் ஜாமெட்ரி பெட்டியில், திருவனந்தபுரம் சுற்றுலாவுக்குக் கையெழுத்துக் கேட்டு பள்ளியில் கொடுத்த சீட்டு நான்காக மடித்துக் கிடந்தது. கேட்டால், "எனக்கு மிருகக்காட்சி சாலை பிடிக்காது" என்கிறான். மழைக்காலத்தில் வேலை நின்றால் இவர் தொட்டதற்கெல்லாம் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறார். இப்போது ஓர் ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கொடுத்தால் குவைத்துக்கு விசா என்கிறார். என் நகையை அடகு வைக்க வேண்டும். வருமானம் குறைந்த வீட்டில் பிள்ளைகள் தேறாமல் போவார்களா? இவரை அனுப்பட்டுமா?

– பெயர் வேண்டாம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் மகனுக்கு மிருகக்காட்சி சாலை பிடிக்கும். வீட்டில் இப்போது கேட்கக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். என் அப்பாவும் பால்வெட்டியவர். இடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாதப் பருவமழை, பிடித்துக்கொண்டால் திண்ணையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நோட்டு வாங்கக் காசு கேட்கும் முன் நாங்கள் அந்த முகத்தைப் பார்ப்போம். பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் அந்தச் சீட்டைப் பற்றிய வரியை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

"பணமா பெரிது, பாசம் போதும்" என்று நான் எழுதப்போவதில்லை. பணம் பிள்ளைகளைத் தொடத்தான் செய்கிறது. ஆனால் எந்த வழியாகத் தொடுகிறது என்று தெரிந்தால்தான், உங்கள் வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பது பிடிபடும்.

அமெரிக்காவில் வட கரோலினா மலைப்பகுதியில் 1,420 பிள்ளைகளை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகள். ஆய்வு பாதி நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பழங்குடியினர் ஒரு சூதாட்ட விடுதி திறந்து, லாபத்தைத் தங்கள் குடும்பங்களுக்குப் பகிரத் தொடங்கினார்கள். சில குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் எதிர்த்து நிற்கும் குணமும் குறைந்து, முன்பே வசதியாக இருந்த பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டன. ஏன் என்று பார்த்தபோது, பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க முன்னைவிட நேரம் கிடைத்திருந்தது. 2003-இல் இது வெளிவந்தது. ஆனால் கவலை, மனச்சோர்வு போன்றவை அந்தப் பணத்தால் குறையவில்லை. சீட்டை மடித்து வைத்த உங்கள் மகனை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அவனுடைய மௌனத்தைக் குவைத் பணம் தானாகக் கலைத்துவிடாது.

இனி உங்கள் வீட்டுக்காரரின் கோபம். நம் மாநிலத்திலேயே, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களில் ஒரு முறை, வெட்டிப் பணம் வந்த பிறகு ஒரு முறை, அதே ஆட்களுக்கு அதே மாதிரியான புதிர்களைக் கொடுத்தார்கள். பணமில்லாத நாட்களில் அதே மனிதர் தடுமாறினார். பற்றாக்குறை மூளையில் ஒரு பங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இடத்தில்தான் அவர் அப்பாவாகவும் இருந்தாக வேண்டும். அவர் பிள்ளைகளைத் திட்டுவது சரி என்று நான் சொல்லவில்லை. அது அவருடைய பிறவிக்குணம் இல்லை என்கிறேன். மற்ற மாதங்களில் அவர் எப்படி இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் உங்கள் வீட்டில் சரிசெய்ய வேண்டியது வருமானத்தின் அளவை மட்டுமல்ல, அதன் ஏற்ற இறக்கத்தையும்தான். ரப்பர் வீடுகளில் இது கொடுமையானது. ஜனவரி வாக்கில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும். பிறகு கொஞ்ச நாள் வேலை. ஜூனில் மழை பிடித்தால், பட்டை நனைந்து பால் சிரட்டையில் இறங்காமல் மரமெல்லாம் பரவிவிடும். மறுபடி வெட்டு நிற்கும். பள்ளி திறப்பதும் அதே ஜூனில்தான்! செருப்பு, குடை, வேன் கூலி எல்லாம் சம்பளமில்லாத மாதத்தில் வந்து நிற்கின்றன. அந்த மாதத்தில் பத்து வட்டிக்கு வாங்கிய கடனை வருஷம் முழுக்க அடைக்கிறோம்.

இதை ஜூனில் சரிசெய்ய முடியாது. வெட்டு நடக்கும் மாதங்களில்தான் முடியும். உங்கள் வாரக்கூலியில் ஒரு சிறு தொகையை, அது நூறு ரூபாயாக இருந்தாலும், அஞ்சலகத் தொடர் வைப்பிலோ மகளிர் குழுச் சேமிப்பிலோ போடுங்கள். "மழைப் பணம்" என்று பெயர் வைத்து, வேறு எதற்கும் தொடாதீர்கள். அரிசியும் எண்ணெயும் மே மாதமே வீட்டுக்கு வந்துவிடட்டும். மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பு ஒட்டினால் மழை நாட்களிலும் ஓரளவு வெட்டலாம். தோட்ட முதலாளியிடம் உங்கள் வீட்டுக்காரர் கேட்டுப் பார்க்கட்டும். கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வையுங்கள், வட்டிக்காரரிடம் போகாதீர்கள்.

இனி குவைத் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏஜென்டை நம்பி, இந்தக் கடனை வாங்கி அனுப்பாதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்றாலே கதவைச் சாத்தலாம். உங்கள் வீட்டுக்காரர் போகத்தான் விரும்புகிறார் என்றால், 1978-இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்ன அமெரிக்க மலைப்பகுதியில் பணம் பெற்றோரைப் பிள்ளைகளின் பக்கத்தில் கொண்டுவந்தது. இங்கே பணத்துக்காக அப்பா வீட்டை விட்டுப் போகிறார். போகவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் அந்தப் பணத்தில்தான் நிமிர்ந்தன. ஆனால் முதல் இரண்டு வருஷச் சம்பளம் விசாக் கடனுக்கே போகுமானால், பணமும் வராது, அப்பாவும் பக்கத்தில் இருக்க மாட்டார்.

தங்கை பிள்ளைகளின் பள்ளியோடு ஒப்பிட்டு வருந்தாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு நம் மாவட்டம் தமிழகத்தில் முதலிடம் பிடித்தது. பனையேறிகளின் பிள்ளைகளும் பால்வெட்டுக்காரர்களின் பிள்ளைகளும் உங்கள் மகன் படிப்பது போன்ற பள்ளிகளில் படித்துத்தான் அது வந்தது. எட்டாம் வகுப்பில் இருக்கும் அவனுக்கு இந்த ஆண்டு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. தேசிய வருவாய் வழி மற்றும் தகுதித் தேர்வில் தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குத்தான் இது. தலைமையாசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள். மகள் பள்ளியில் காலை உணவு கொடுத்தால் அவள் அங்கேயே சாப்பிடட்டும். காலையில் அவசரமாகக் கிளம்பும் அம்மாவுக்கு அதில் குறைவு ஒன்றும் இல்லை. மிச்சமாகும் அந்தக் கால்மணி நேரத்தில் அவளுக்குத் தலை பின்னிவிடுங்கள்.

மகனிடம் இன்று இரவே பேசுங்கள். அவனும் அப்பாவும் நீங்களும் மட்டும். இந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பதின்மூன்று வயதில் அவனுக்கு அது புரியும். அவன் மனதில் போட்டு வைத்திருக்கும் கணக்கு, உண்மைக் கணக்கைவிட மோசமாகத்தான் இருக்கும். "இனிமேல் எங்களிடம் கேட்காமல் நீயாக வேண்டாம் என்று சொல்லாதே, முடியாவிட்டால் நாங்கள் சொல்கிறோம்" என்று அப்பாவின் வாயால் வரட்டும்.

பேசி முடித்ததும் அந்தச் சீட்டை அவன் கையாலேயே எடுத்து வரச் சொல்லி, அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கடைசித் தேதி தாண்டியிருந்தால் காலையில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். பணத்தை இரண்டு தவணையாகத் தரலாமா என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா