இசட் ஸ்கோர் 2-க்குள் வந்தால் போதுமா?

ஒரே சாம்பிளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, எல்லோருடைய ரிசல்ட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பிராஃபிஷியன்சி டெஸ்டிங். சுருக்கமாகப் பி.டி. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ரத்தப் பரிசோதனை செய்பவர்களுடையவை.

கேள்வி: தினமும் காலையில் கன்ட்ரோல் (எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சாம்பிள்) போடுகிறோம். எல்லாம் வரம்புக்குள்தான் வருகிறது. அப்புறம் எதற்குப் பி.டி.?

நேற்று வந்த மாதிரியே இன்றும் வருகிறதா என்பதைத்தான் கன்ட்ரோல் சொல்லும். நேற்றே தப்பாக வந்திருந்தால்? மெஷினின் அளவீட்டைச் சரிசெய்யும் திரவமான கேலிப்ரேட்டரின் மதிப்பை மெஷினில் தவறாக ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு கன்ட்ரோலின் சராசரியைச் சொந்தமாகக் கணக்கிட்டிருந்தால், மாதக்கணக்கில் சார்ட் அழகாகவே இருக்கும். கோடு நேராகப் போகும், போகிற இடம்தான் தப்பு. பெல்க், சண்டர்மன் என்ற இருவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மருத்துவமனை ஆய்வகங்களுக்கு ஒரே கரைசல்களை அனுப்பிச் சோதித்து, 1947-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏற்க முடியாத அளவுக்கு ரிசல்ட்டுகள் சிதறிக் கிடந்தன. அந்த ஆய்வகங்களில் வேலை பார்த்தவர்களும் தங்கள் ரிசல்ட் சரி என்றுதான் நம்பியிருப்பார்கள்.

கேள்வி: பி.டி. சாம்பிள் வந்தால் சீனியர் டெக்னீஷியன் மட்டும்தான் தொடுவார். மூன்று தடவை ஓட்டி, சராசரி எடுத்து அனுப்புவோம். சரிதானே?

சரியில்லை. நோயாளியின் சாம்பிளை மூன்று தடவை ஓட்டுகிறீர்களா? இல்லையென்றால் இதையும் ஒரு தடவைதான் ஓட்ட வேண்டும். அன்று ஷிஃப்டில் யார் இருக்கிறாரோ அவரே செய்யட்டும், இரவு ஷிஃப்டுக்கும் முறை வரட்டும். இன்னொரு ஆய்வகத்துக்குப் போன் போட்டு 'உங்களுக்கு எவ்வளவு வந்தது' என்று கேட்பது அதைவிட மோசம். அமெரிக்காவின் 1988-ஆம் ஆண்டு ஆய்வகச் சட்டத்தில், தெரிந்தே பி.டி. சாம்பிளை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தால் உரிமமே பறிபோகலாம்.

கேள்வி: இருபது பரிசோதனைகளில் ஒன்றுக்கு மட்டும் இசட் ஸ்கோர் 2.3. மேலாளர் குதிக்கிறார்.

குதிக்க வேண்டாம். உங்கள் ரிசல்ட்டுக்கும், சரியான மதிப்பு இது என்று பி.டி. நடத்துபவர்கள் ஒதுக்கிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை, திட்ட விலக்கத்தால் (ரிசல்ட்டுகள் எவ்வளவு சிதறலாம் என்பதன் அளவு) வகுத்தால் கிடைப்பதே இசட் ஸ்கோர். குளுக்கோஸ் 100 வர வேண்டிய இடத்தில் உங்களுக்கு 112, திட்ட விலக்கம் 4 என்றால் ஸ்கோர் +3. 2 வரை திருப்தி, 2-க்கும் 3-க்கும் நடுவில் எச்சரிக்கை, 3-ஐத் தொட்டால் நடவடிக்கை. எந்தக் குறையும் இல்லாத ஆய்வகத்திலும் சுமார் 5 சதவீத ரிசல்ட்டுகள் 2-ஐத் தாண்டும். அப்படியென்றால் இருபது பரிசோதனைகளில் ஒன்றாவது தாண்டுவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. முந்தைய சுற்றுகளில் அதே பரிசோதனை எப்படி வந்தது என்று பார்த்து, குறித்து வையுங்கள். அடுத்த சுற்றிலும் அதே பக்கம் போனால் அப்போது என்னிடம் வாருங்கள்.

கேள்வி: ஐந்து சாம்பிளுக்கும் ஸ்கோர் 2-க்குள். 'திருப்தி' என்று அறிக்கை வந்துவிட்டது. ஃபைலில் போட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தொகுப்பையே எழுதினேன். +1.4, +1.7, +1.2, +1.8, +1.5 என்று வந்திருந்தால் அறிக்கையைப் பொறுத்தவரை பாஸ். ஆனால் ஐந்தும் மேல்பக்கம்! நாணயத்தை ஐந்து தடவை சுண்டினால் எல்லாம் ஒரே பக்கம் விழுவதற்கே 16-இல் ஒரு வாய்ப்புதான். இங்கே எல்லாம் ஒரே அளவுக்கு வேறு விலகியிருக்கின்றன. உங்கள் முறை மொத்தமாக மேலே நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேலிப்ரேஷனையும் ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான வேதிப்பொருள்) லாட் மாறிய தேதியையும் பாருங்கள். மாறாக +1.9, −1.7, +0.2, −1.8, +1.6 என்று இரண்டு பக்கமும் தெறித்தால் பிரச்சினை வேறு: பைப்பெட், குமிழி, தேய்ந்த டியூபிங், அளப்பவரின் கை.

செறிவையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்த மதிப்புகளில் சரியாக வந்து, உயர்ந்த மதிப்புகளில் மட்டும் கீழே இறங்கினால் சந்தேகம் கேலிப்ரேஷன் சரிவின் மேலோ நேர்கோட்டு வரம்பின் (மெஷின் எந்த அளவு வரை சரியாக அளக்கும் என்பதன்) மேலோ போக வேண்டும். பாஸான அறிக்கையிலிருந்து இவ்வளவையும் படிக்கலாம். பெரும்பாலோர் முதல் பக்கத்தோடு மூடிவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் மூடினேன்.

கேள்வி: ஒரு குப்பியில் பாதிப் பரிசோதனைகள் ஃபெயில். எங்கிருந்து தொடங்குவது?

காகிதத்திலிருந்து. மூன்றாம் குப்பியின் ரிசல்ட் நான்காவதில் பதிவாகியிருக்கிறதா, யூனிட் மாறிவிட்டதா (குளுக்கோஸில் மில்லிகிராமுக்கும் மில்லிமோலுக்கும் 18 மடங்கு வித்தியாசம்), உங்கள் மெஷினுக்குப் பதிலாக வேறொரு மெஷினின் குறியீட்டு எண்ணைப் போட்டீர்களா என்று பாருங்கள். காகிதம் சுத்தம் என்றால் அடுத்தது, பி.டி. சாம்பிள் பொடியாக வந்திருந்தால் அதைக் கரைத்த விதம். 5 மில்லி தண்ணீர் விட வேண்டிய குப்பியில் 4.5 மில்லி விட்டால் எல்லாமே சுமார் 11 சதவீதம் ஏறும். சோடியத்தைப் பாருங்கள், 140 இருக்க வேண்டியது 155-க்குப் போயிருக்கும். எல்லாம் ஒரே விகிதத்தில் ஏறினால் மெஷினைத் திட்டாதீர்கள்.

அப்புறம்தான் அன்றைய கன்ட்ரோல், பராமரிப்புப் பதிவேடு. மிச்ச சாம்பிளைச் சரியாகச் சேமித்திருந்தால் திரும்ப ஓட்டுங்கள். இப்போது சரியாக வந்தால் அன்று நடந்தது ஒரு தடவைப் பிசகு. மறுபடியும் தப்பாக வந்தால் பிழை இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அந்த நாட்களில் வெளியே போன நோயாளி ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத விசாரணை பாதி விசாரணைதான்.

கேள்வி: எங்கள் மெஷின் வைத்திருப்பவர்களின் சராசரியோடு ஒத்துப்போகிறோம், மொத்த சராசரியோடு இல்லை. யார் சரி?

பி.டி. சாம்பிளாக வரும் பதப்படுத்திய சீரம் (ரத்தத்தின் தெளிந்த திரவம்), நோயாளியின் சீரம் போலவே எல்லா மெஷினிலும் நடந்துகொள்ளாது. அதனால்தான் ஒரே முறையைப் பயன்படுத்துபவர்களைத் தனிக் குழுவாக வைக்கிறார்கள். ஆனால் குழுவோடு ஒத்துப்போவது உண்மையோடு ஒத்துப்போவது ஆகாது. குழுவே சேர்ந்து தவறலாம். ரெஃபரன்ஸ் முறையில் (மற்ற முறைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவும் மிகத் துல்லியமான முறை) மதிப்பு தரும் திட்டம் கிடைத்தால் அதில் சேருங்கள்.

கேள்வி: நாங்கள் செய்யும் ஓர் அரிய பரிசோதனைக்குப் பி.டி. திட்டமே இல்லை.

இன்னோர் ஆய்வகத்தோடு பேசி, நோயாளி சாம்பிள்களைப் பிரித்து இரண்டு பேரும் செய்து பாருங்கள். குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று நிலையிலும் சாம்பிள் இருக்கட்டும். எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்பது என்பதை ரிசல்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.